நாற்பத்தொரு துண்டுகளாக ஒரு பேரரசு

ஆயிரத்து நூறு ஆண்டுகள் நிலைத்து நின்ற பைசாண்டியப் பேரரசின் விலை என் கடையில் ஆறு யூரோ. பின்பக்கம் காந்தம் வைத்து ஃபிரிட்ஜில் ஒட்டும்படி வேண்டுமென்றால் ஆறரை. விலைமதிப்பற்ற ஒன்றுக்கு இவ்வளவுதானா என்று பதற வேண்டாம். இரண்டாக எடுத்தால் இன்னும் குறைத்துத் தருவேன்.

பிர்கோனா துறைமுகத்தில், கோயிலுக்கு நேர் எதிரே என் கடை. என் பெயர் ப்ரோத்ரோமோஸ். அப்பா காலம் வரை துணி வியாபாரம். என் காலத்தில் பெருமை வியாபாரம். இடது அலமாரியில் கடல் தேவன் பொசைடன், சூலத்தோடு. வலது அலமாரியில் கடலோடிகளைக் காக்கும் புனித நிக்கோலஸ், தாடியோடு. இருவருக்கும் ஒரே வேலை, ஒரே விலை. வெளிநாட்டார் சூலத்தை வாங்குவார்கள். உள்ளூர்க்காரர்கள் சூலத்தைப் புகழ்ந்து பேசிவிட்டுத் தாடியை வாங்கிப் போவார்கள். கிரேக்க இனத்தின் ஆன்மாவைப் பற்றிப் பல்கலைக்கழகங்கள் தடித்தடியாகப் புத்தகம் போடுகின்றன. எந்த அலமாரியில் தூசி அதிகம் என்று ஒருநாள் வந்து பார்த்திருந்தால் அவ்வளவு காகிதமும் மிச்சம்.

இத்தனை அனுபவம் இருப்பதால்தான் எங்கள் ஊரின் "ஒருங்கிணைந்த முன்னோர் மரபுப் பாதுகாப்புச் சங்க"த்துக்கு நான் செயலாளர். முன்பு இரண்டு சங்கங்கள் இருந்தன. ஒன்று பைசாண்டிய முன்னோருக்கு. இன்னொன்று அதற்கும் முந்தைய, சட்டை போடாத முன்னோருக்கு. நகராட்சியிடம் இருந்ததோ ஒரே மண்டபம், அதில் ஒரே ஹீட்டர். ஜனவரிக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் எந்த நாகரிகமும் தழைக்காது என்பதால் முன்னோர்கள் ஒன்றுசேர்ந்தார்கள்.

தலைவர் நிகிஃபோரோஸ். குளியலறை ஓடு வியாபாரி. அவருடைய விசிட்டிங் கார்டில் பேரரசின் இரட்டைத்தலைக் கழுகு பொன்னிறத்தில் மின்னும். ஒரு தலை கிழக்கைப் பார்க்கும், ஒரு தலை மேற்கைப் பார்க்கும். அவருடைய கடை வாசல் பள்ளத்தை மட்டும் இரண்டும் பார்க்காது. துணைத்தலைவர் லிக்கூர்கோஸ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எழுபத்தொரு வயது. பழைய ஏதென்ஸ் நகரம் அணைந்ததற்கும் நாம் விடுதலை பெற்றதற்கும் நடுவில், பைசாண்டியம் உட்பட, நடந்ததெல்லாம் அவரைப் பொறுத்தவரை கரன்ட் கட். "இருட்டுல மெழுகுவத்தி பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம், அவ்வளவுதான். அதையெல்லாம் ஒரு வரலாறுன்னு சொல்லிக்கிட்டு" என்பார். இந்த இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஊரின் அடையாளத்தைக் கட்டிக்காத்த அழகை எழுதத்தான் பேனா எடுத்தேன்.

போன ஜனவரியில் பேக்கரி ஸ்மரோ, புதிய அடுப்பு வைப்பதற்காகத் தரையைக் கொத்தினாள். ஒரு முழ ஆழத்தில் ஒரு பொற்காசு. ஒரு பக்கம் இயேசு, மறுபக்கம் கிரீடத்தோடு பேரரசர். வேறு யாராவது என்றால் பாவாடை நாடாவில் முடிந்துகொண்டு மண்ணை மூடியிருப்பார்கள். ஸ்மரோ நேர்மையானவள்; அதனால் மாட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மதியமே தொல்பொருள் அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டாள்.

எடுத்தது அந்தூசா என்ற பெண் அதிகாரி. "சனி ஞாயிறு நாங்க வேலை செய்யறதில்லைங்க. திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு வர்றேன். அதுவரைக்கும் காசு பத்திரமா இருக்கணும். வர்றப்ப இல்லேன்னா கடைக்கு சீல், உங்க மேல கேஸ். வச்சிரட்டுமா?"

ஸ்மரோ காசை ஏலக்காய் டப்பாவுக்குள் வைத்து, டப்பா மேல் மாவு மூட்டையை வைத்து, மூட்டை மேல் தானே உட்கார்ந்தாள்.

அன்று மாலையே தலைவர் அங்கே போனார். நானும் போனேன், நோட்டுப் புத்தகம் என்னிடம்தானே.

ஞாயிறு மதியம் சங்கத்தின் புத்தாண்டுக் கேக் வெட்டும் விழா. புனித வாசில் பெயரால் எங்கள் நாட்டில் சங்கம், வங்கி, மீன் சந்தை, கால்பந்து அணி எல்லாமே இதை வெட்டும். பிப்ரவரி முடியும்வரை கூட வெட்டும். கேக்குக்குள் ஒரு காசு மறைந்திருக்கும். யார் துண்டில் வருகிறதோ, அந்த ஆண்டின் அதிர்ஷ்டம் அவருக்கு.

"ஸ்மரோ அக்கா," என்றார் தலைவர், குரலில் வெல்லப்பாகு. "முன்னோர் கேக்குக்கு முன்னோர் காசு. வரலாறே வாயைப் பொளந்து நிக்கும். அந்தக் காசை ஒரு நாளைக்குக் குடுங்க."

"வாயைப் பொளக்கறது இருக்கட்டும், பல்லு உடைஞ்சா யாரு பொறுப்பு? முடியாதுங்க."

"ஒரே ஒரு நாள். கேக்குல போறது, கேக்குலேருந்து வர்றது."

"முடியாதுன்னா முடியாது. திங்கக்கிழமை அந்தப் பொண்ணு வருது. நான் ஜெயிலுக்குப் போனா ஊருக்கு ரொட்டி யாரு போடுவா, உங்க ஓட்டையா கடிச்சுத் திம்பாங்க?"

தலைவர் பெருமூச்சு விட்டுத் தரையைப் பார்த்தார். "அடுப்புக்குக் குழி நல்லா வெட்டியிருக்கீங்க. நகராட்சியில அனுமதி வாங்கிட்டுத்தானே வெட்டினீங்க?"

ஸ்மரோவின் முகம் மாவு பூசியது போல ஆயிற்று. மரபைக் காக்கும் பெரியவர்கள் மிரட்டுவதில்லை, நினைவூட்டுவார்கள்.

சனிக்கிழமை நிர்வாகக்குழு கூடியது. ஏழு பேர். காசைக் கேக்கில் வைக்கும் தீர்மானம் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்தவர் லிக்கூர்கோஸ், ஆந்தை பொறித்த பழைய ஏதென்ஸ் வெள்ளிக்காசு என்றால் மட்டுமே சம்மதம் என்றார். ஸ்மரோவுக்கு வட்ட முத்திரை குத்திய ரசீது ஒன்றை நானே என் கையால் எழுதிக் கொடுத்தேன்: "பெற்றுக்கொண்டோம்: பொற்காசு ஒன்று, இயேசுவும் பேரரசரும் உட்பட. முழுப் பொறுப்பு சங்கத்துடையது."

ஞாயிறு மதியம் கேக் வந்தது. வண்டிச் சக்கரம் அளவு. ஒரு பக்கம் ஸ்மரோ, மறுபக்கம் அவளிடம் மூட்டை தூக்கும் மித்ரி, இருவருமாகத் தட்டைத் தூக்கி வந்தார்கள். மித்ரி சிரியாவிலிருந்து வந்தவர். ஐம்பது வயதிருக்கும். எட்டு வருடமாக ஊரில் இருக்கிறார், அதாவது இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்; அதற்குமேல் யாரும் விசாரித்ததில்லை.

தலைவர் உரை. ஒவ்வொரு ஆண்டும் அதே உரைதான், நான் கண்ணாடியை மட்டும் துடைத்துக் கொடுப்பேன்.

"நாம் யார்?" என்று முழங்கினார். "நம்மைப் பார்த்து உலகம் கிரேக்கர் என்கிறது. ஆனால் நம் தாத்தாக்கள் தங்களை என்ன சொல்லிக்கொண்டார்கள்? ரோமர்கள்! ஏன்? பைசாண்டியப் பேரரசின் உண்மைப் பெயர் அது! அந்தப் பெயரைத் தொலைத்துவிட்டோம். இன்று அந்தப் பெயரைத் தன் பெயராகச் சொல்ல ஒருவன், ஒரே ஒருவன் வந்தால், அவனை நான் மார்போடு தழுவிக்கொள்வேன்!"

கைதட்டல். கண்ணீர். ஹீட்டர் ஒருமுறை இருமியது.

"மேலும் அறிவிக்கிறேன். காசு யாருடைய துண்டில் வருகிறதோ, அவர் யாராக இருந்தாலும், ஆயுள் உறுப்பினர் ஆவார். கழுத்தில் கழுகுப் பதக்கமும் உண்டு!"

வெட்டத் தொடங்கினார். முதல் துண்டு இயேசுவுக்கு. அடுத்தது மாதாவுக்கு. மூன்றாவது புனித வாசிலுக்கு. நான்காவது சங்கத்துக்கு. ஐந்தாவது ஏழைக்கு. வழக்கம் அதுதான், பேரரசு எங்களுக்கு விட்டுச்சென்ற வழக்கங்களிலேயே உயர்ந்தது என்று ஐந்தாவதைச் சொல்வேன். இந்த ஐந்தையும் வெட்டியதும் "தகுந்த ஏழை கிடைக்காததால்" தலைவர் பாதுகாப்பாக டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போவது ஒன்பது ஆண்டு மரபு.

ஆறாவதில் லிக்கூர்கோஸ் எழுந்தார். "முன்னோருக்குத் துண்டு எங்கே?"

"முன்னோருக்கா? வச்சிருவோம் சார்."

"எந்த முன்னோருக்கு?"

"அட, நம்ம முன்னோருக்குத்தான்."

"தூண் வச்சுக் கட்டினவங்களுக்கா, கும்மட்டம் வச்சுக் கட்டினவங்களுக்கா? அதைத் தெளிவாச் சொல்லிட்டு வெட்டுங்க."

"சார், தூண்காரங்களுக்குக் கேக்கே தெரியாது. அவங்க அத்திப்பழமும் ஆலிவும் தின்னுட்டுத் தர்க்கம் பண்ணிக்கிட்டு இருந்தாங்க."

"உங்க ஆளுங்க கேக்கைத் தின்னுட்டுச் சிம்மாசனத்துக்காகக் கண்ணைக் குத்திக்கிட்டு இருந்தாங்க! அண்ணன் கண்ணைத் தம்பி, தம்பி கண்ணை அம்மா!"

இருபத்தைந்து நிமிடம் நடந்த விவாதத்தின் முடிவில் "முன்னோர் அ", "முன்னோர் ஆ" என்று இரண்டு துண்டுகள் வெட்டப்பட்டன. அ சார்பில் லிக்கூர்கோஸும், ஆ சார்பில் தலைவரும் உண்ண ஏற்பாடாயிற்று.

நான் தலை நிமிரவில்லை. கூட்டக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதினேன் என்றால், போன ஆண்டுக் குறிப்பைப் பார்த்துப் படியெடுத்தேன். நடக்கப்போவது தெரிந்திருக்கும்போது நடக்கும்வரை காத்திருப்பவன் செயலாளரே அல்ல. யாரோ தட்டைக் காட்டி, "இது யாருக்குங்க?" என்று கேட்டார்கள். "ஏழைக்கு" என்றேன். "அப்ப சரிங்க" என்றது குரல். "தலைவர் பாதுகாப்பில்: ஐந்து" என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

முப்பத்துமூன்று உறுப்பினர்களும் உண்டார்கள். ஸ்மரோவுக்கும் ஒரு துண்டு. தேடித் தேடி, நாக்கால் துழாவித் துழாவி உண்டார்கள். பாதாம் வந்தது. ஆரஞ்சுத் தோல் வந்தது. பேரரசர் வரவில்லை.

ஸ்மரோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"காசு எங்கேங்க?" என்றாள். "நாளைக்குப் பத்து மணிக்கு அந்தப் பொண்ணு வருதுங்க. காசு எங்கே?"

தலைவர் எழுந்து நின்றார். "இது சங்கத்தின் உள்விவகாரம். சங்கத்தில் இல்லாதவர்கள் தயவுசெய்து வெளியே செல்லவும்." நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த மித்ரி தலையாட்டிவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். கதவு சாத்தப்பட்டது. மரபு பத்திரமாயிற்று.

தலைவரின் டப்பாவை எல்லோர் முன்னிலையிலும் கவிழ்த்தோம். இயேசு, மாதா, வாசில், சங்கம் எல்லாரும் ஒரே பொடியாக வந்தார்கள். பத்து விரல்கள் கிளறின. காசு இல்லை. பொடியில் எத்தனை துண்டு என்று எவனால் சொல்ல முடியும்? குறிப்பில் ஐந்து என்று இருந்தது. ஐந்து என்று ஏற்கப்பட்டது.

"அப்ப யாரோ முழுங்கியாச்சு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. இரண்டு துண்டு தின்ற ஆசிரியர் விக்கிக்கொண்டிருந்தார்.

"சார்," என்றார் தலைவர் மெல்ல, "சாப்பிடறப்ப பல்லுல ஏதாவது கடிபட்டுச்சா?"

"பாதாம்பா!"

"பாதாம் எப்படி இருந்துச்சு? வட்டமா இருந்துச்சா?"

"என்னய்யா உளர்றே? என் வயித்துல பைசாண்டியம் கிடையாது! என் உடம்புல ஒரு துளி கிடையாது!"

"அதைப் படம் எடுத்துப் பாத்துருவோம், வாங்க."

சுகாதார நிலையத்துக்கு ஊர்வலமாகப் போனோம். கோயிலைத் தாண்டும்போது வழக்கம்போல எல்லோருடைய கையும் நெஞ்சில் சிலுவைக்குறி போட்டது. லிக்கூர்கோஸின் கையும்தான். "கை அரிச்சுது" என்றார், யாரும் கேட்காமலே.

எக்ஸ்ரே எடுக்கும் பெண் சட்டையையும் பனியனையும் கழற்றச் சொன்னாள். சட்டையைக் கழற்றினார். பனியனைக் கழற்ற மறுத்தார். குளிர் என்றார். மானம் என்றார். பழைய கிரேக்கர்கள் துணியே இல்லாமல் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள் என்று தலைவர் நினைவூட்டியும் பயனில்லை. பனியனோடே எடுத்தார்கள். படம் வந்தது.

விலா எலும்புகளுக்கு நடுவே பளிச்சென்று ஒரு வட்டம்.

"பேரரசர்!" என்று தலைவர் மண்டியிடாத குறை. ஸ்மரோ அழத் தொடங்கினாள், நிம்மதியில்.

எக்ஸ்ரே பெண் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "முழுங்கினது இவ்வளவு மேலயா நிக்கும்? இது நெஞ்சுக்கு வெளியில இருக்குங்க. ஐயா, பனியனைக் கழட்டுங்க."

கழற்றினார். பனியனின் உட்பக்கம், இதயத்துக்கு நேரே, ஒரு ஊக்கில் குத்தியிருந்தது சிறிய வெள்ளி வட்டம். மாதா படம். கூடவே ஒரு நீலக்கண் மணியும், திருஷ்டி படாமல் இருக்க.

நான் அந்த வட்டத்தை அடையாளம் கண்டேன். வலது அலமாரி, கீழ்த்தட்டு, நான்கு யூரோ.

"அம்மா குத்திவிட்டது," என்றார் லிக்கூர்கோஸ், சுவரைப் பார்த்தபடி. "பட்டாளத்துக்குப் போறப்ப. ஊக்கு துருப்பிடிச்சா மாத்துவேன். வட்டம் ஒருதடவை தொலைஞ்சுபோச்சு, இவன் கடையிலதான் வாங்கினேன். ஏன் எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க? இதுக்கும் வரலாற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

கரன்ட் கட் ஆன அத்தனை வருடமும் அவர் பனியனுக்குள் எரிந்துகொண்டிருந்தது. வயிறு மட்டும் சுத்தம். ஸ்மரோவின் அழுகை ஒரு நொடி நின்று, வேறு சுருதியில் மறுபடி தொடங்கியது.

திங்கள் காலை பேக்கரியில் நிர்வாகக்குழு முழுவதும் கூடியிருந்தது. ஸ்மரோ ரொட்டி போடவில்லை. ஒரு பைக்குள் கம்பளி, செருப்பு, பல் துலக்கும் பிரஷ் எடுத்து வைத்திருந்தாள்.

"பெண்கள் சிறையில ஹீட்டர் இருக்கும்னு கேள்விப்பட்டேன்," என்றார் தலைவர் ஆறுதலாக.

"உங்க ரசீதுல முழுப் பொறுப்பு சங்கத்துடையதுன்னு போட்டிருக்கு. நீங்களும் ஒரு கம்பளி எடுத்துக்கங்க."

பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்தூசா வந்தாள். குடையை மடக்கினாள், படிவத்தை விரித்தாள். "காசைக் காட்டுங்க."

அப்போது பின்கதவு வழியாக மித்ரி உள்ளே வந்தார், வழக்கமான பத்து மணி மூட்டைக்கு. கூட்டத்தைப் பார்த்துத் தயங்கிவிட்டு, பையிலிருந்து மடித்த காகிதக் கைக்குட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"அக்கா, நேத்துக் கேக்கை வீட்டுக்குக் கொண்டுபோனேன். காலையில டீயோட வெட்டினோம், உள்ள இது. என் சம்சாரம் அதிர்ஷ்டம்னு குதிக்கறா. ஆனா இது சாதாரணக் காசு மாதிரி தெரியல. இந்த முகம் எங்க ஊர்க் கோயில் கும்மட்டத்துக்குள்ள வரைஞ்சிருக்கற முகம். அதான் உங்ககிட்டக் குடுத்துரலாம்னு."

ஸ்மரோ அவரைக் கட்டிக்கொண்டாள், இரண்டு பேரும் மாவாகும் வரை.

"உனக்கு அந்தத் துண்டை யாருப்பா குடுத்தா?" என்றார் தலைவர்.

"இவருதாங்க." மித்ரி என்னைக் காட்டினார். "யாருக்குன்னு கேட்டேன். ஏழைக்குன்னாரு. சுத்திப் பாத்தேன், அங்க வேற யாரும் அந்த மாதிரி தெரியல."

அந்தூசா காசிலிருந்து பாதாம் துணுக்கை ஊசியால் எடுத்தாள். படிவத்தில் "கிடைத்த இடம்" என்ற தலைப்பின் கீழ் மண், கடல், சுவர் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. கேக் இல்லை. "இதர" என்று குறித்தாள். ரசீதை வாங்கிப் படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். ஸ்மரோ மேல் குற்றம் இல்லை, பேக்கரி திறந்திருக்கலாம், தலைவர் மட்டும் வியாழக்கிழமை அலுவலகத்துக்கு வந்து மூன்று பிரதிகளில் விளக்கம் எழுதித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள்.

அவள் போனதும் தலைவர் மித்ரி பக்கம் திரும்பினார். "உங்க ஊர்க் கோயில்னா, நீங்க என்ன ஆளுங்க?"

"நாங்க ரூம்ங்க. எங்க பாஷையில ரோமாபுரிக்காரங்கன்னு அர்த்தம். எங்க தாத்தா, அவரோட தாத்தா எல்லாருமே அப்படித்தான் சொல்லிக்குவாங்க. பேரரசு போயிருச்சு, நாங்க பேரை விடல."

ஸ்மரோ கையைத் தட்டி மாவு உதறினாள். "தலைவரே, தழுவிக்கங்க. நேத்து ஒரே ஒருத்தன் வந்தாப் போதும்னீங்களே."

"பேப்பர்ல என்ன போட்டிருக்கு?" என்றார் தலைவர்.

"பேப்பர்ல சிரியாங்க."

"அப்படிச் சொல்லுங்க," என்று தலைவர் தெம்பானார். அங்கேயே, மாவு மூட்டைகளின் மேல், அவசரக் கூட்டம் நடந்தது. அதிர்ஷ்டம் ஏழையின் துண்டில் வந்திருப்பதால் அது ஏழைகள் என்ற பொதுவான பிரிவுக்குச் சேருமே தவிர, குறிப்பிட்ட எந்த ஏழைக்கும் சேராது என்று விளக்கினார். ஆயுள் உறுப்பினர் ஆவதற்கு மூன்று தலைமுறை முன்னோர் சான்றிதழ் தேவை, நகராட்சி முத்திரையோடு.

"என் அம்மா ஊக்குக்கு எந்த முத்திரையும் இல்ல," என்றார் லிக்கூர்கோஸ் திடீரென்று. "அவரைச் சேத்துக்கணும். நான் சொல்றேன்."

அவர் கை மட்டும் உயர்ந்தது. மற்ற ஆறு கைகள் எதிர்த்து உயர்ந்தன. அவற்றில் எந்தக் கையும் நடுங்கவில்லை என்பதைப் பெருமையுடன் பதிவுசெய்கிறேன்.

"சரி," என்றாள் ஸ்மரோ. "அடுத்த வருஷம் கேக் வேணும்னா, ஆர்டர்ல மித்ரி அண்ணன் கையெழுத்து இருக்கணும். இல்லேன்னா ஓட்டைச் சுட்டு வெட்டிக்கங்க."

மித்ரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவருக்கு வேலை இருந்தது.

கூட்டக் குறிப்பை நானே முடித்து வைத்தேன், இம்முறை படியெடுக்காமல்:

வெட்டிய துண்டுகள்: நாற்பத்தொன்று.
இயேசு, மாதா, வாசில், சங்கம் ஆகியோருக்கு: நான்கு. தலைவரால் பொடியாக்கப்பட்டவை: நான்கு.
முன்னோர் அ, ஆ: இரண்டு. உண்டவர்கள்: முன்னோர் அல்லர்.
உறுப்பினர்களுக்கு: முப்பத்துமூன்று. பேக்கரிக்கு: ஒன்று.
ஏழைக்கு: ஒன்று. ஒன்பது ஆண்டுகளில் முதல்முறையாக ஏழைக்கே கொடுக்கப்பட்டது. காரணம்: செயலாளரின் கவனக்குறைவு.
மண்டபத்தில் இருந்த ரோமர்கள்: ஒருவர். வெளியே அனுப்பப்பட்டவர்கள்: ஒருவர்.
எதிர்த்து உயர்ந்த கைகள்: ஆறு. அவற்றில் இந்தக் குறிப்பை எழுதிய கை: ஒன்று.
நிலுவை: கழுகுப் பதக்கம் ஒன்று. என் கடையில் தொங்குகிறது, வலது அலமாரி, எட்டு யூரோ. இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறார்.